ரெண்டாவது சாவி யார் கையில்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சட்டம் படிக்கிறவன் இல்ல. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்டுக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கிற ஃபைனல் இயர் ஸ்டூடன்ட். எல்.கே.ஜி-யிலிருந்து பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். எழுத்துப் பிழை எல்லாம் எடிட்டோரியல் டீம் திருத்தியிருப்பாங்க. கருத்துப் பிழை ஏதாவது இருந்தா அது முழுக்க என்னோடது.

அமெரிக்காவுல நீதிபதிகளை யார் போடறாங்க என்பதைப் பத்தி நான் ஏன் கவலைப்படணும்? காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கு. என் பெரியப்பா பொண்ணு நியூ ஜெர்சியில இருக்காங்க. அக்காவும் மாமாவும் ரெண்டு பேருமே ஹெச்-1பி விசா. 2025 ஜனவரி 20-ஆம் தேதி, டிரம்ப் ரெண்டாவது முறையா பதவியேற்ற அன்னிக்கே ஒரு உத்தரவுல கையெழுத்து போட்டார். அம்மா தற்காலிக விசாவுல இருந்து, அப்பா குடிமகனாவோ கிரீன் கார்டு வெச்சிருக்கிறவராவோ இல்லன்னா, 30 நாளுக்கு அப்புறம் அங்க பிறக்கிற குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. அக்காவுக்கு டெலிவரி தேதி ஏப்ரல்.

எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல வழக்கமா காலை வணக்கமும் கோலமும்தான் வரும். அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடுச்சு: "பாப்பா எந்த ஊர்க் குழந்தை?" மூணு நாள் கழிச்சு, ஜனவரி 23 அன்னிக்கு, சியாட்டில் நகரத்துல ஜான் கோகனாவர்னு ஒரு ஃபெடரல் நீதிபதி அந்த உத்தரவுக்குத் தடை போட்டார். இது அப்பட்டமா அரசியல் சட்டத்துக்கு விரோதமானதுன்னு கோர்ட்லயே சொன்னார். பாட்டி அந்த மனுஷன் நல்லா இருக்கணும்னு விளக்கேத்தினாங்க. அப்பா மட்டும் சந்தேகமா கேட்டார்: "அந்த ஜட்ஜை யாருடா போட்டது? டிரம்ப்புக்கு ஆகாதவங்க ஆளா?"

தேடிப் பார்த்தேன். அவரை நியமிச்சது ரொனால்ட் ரீகன், 1981-ல். அதாவது டிரம்ப்போட அதே குடியரசுக் கட்சி. அக்கா பிறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடி போட்ட ஒரு நீதிபதி, அக்காவோட குழந்தைக்கு எந்த நாடுன்னு சொல்ற இடத்துல உட்கார்ந்திருக்கார். அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச படிப்பு இன்னும் முடியல. படிக்கப் படிக்க ஒரு கேள்வி மேல மட்டும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உருவாச்சு. அதைத்தான் இங்க எழுதறேன்.

கேள்வி இதுதான். ஒரு அதிபர் பெரிய ஊழல் விவகாரத்துல மாட்டிக்கிட்டா, நீதிபதிகளை நியமிக்கிற அவரோட பலம் குறையுமா? குறையும்னுதான் பொதுவா எல்லாரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

லாக்கர் கணக்கு

அங்க சிஸ்டம் எப்படின்னு முதல்ல பார்த்துடுவோம். நம்ம ஊர்ல உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனம்னா கொலீஜியம்தான் முக்கியம். மூத்த நீதிபதிகளே பெயர்களைச் சொல்றாங்க. அமெரிக்காவுல அது முழுக்க அரசியல்வாதிகள் கையில. அதிபர் ஒரு பெயரைச் சொல்லணும். 100 பேர் இருக்கிற செனட் அதுக்கு ஒப்புதல் தரணும். பேங்க் லாக்கர் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரு சாவி நம்மகிட்ட, இன்னொரு சாவி பேங்க்ல. ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கும்.

உச்ச நீதிமன்றத்துல 9 நாற்காலி. 1869-லிருந்து இதே எண்ணிக்கை. உட்கார்ந்தா ஆயுசு முழுக்க. ஓய்வு வயசு கிடையாது. அவங்களா ராஜினாமா பண்ணணும், இல்ல சாகணும், இல்ல பதவி நீக்கம் செய்யப்படணும். அதனால ஒரு அதிபருக்கு எத்தனை நாற்காலி கிடைக்கும் என்பது பாதி லாட்டரி. ஜிம்மி கார்ட்டர் நாலு வருஷம் அதிபரா இருந்து ஒரு நாற்காலிகூட கிடைக்கல. டிரம்ப்புக்கு முதல் நாலு வருஷத்துலயே 3.

இந்தப் பின்னணியோட மூணு அதிபர்களைப் பார்க்கலாம்.

நிக்சன்: வாக்கு கொடுத்தார், சீட் கிடைக்கல

ரிச்சர்ட் நிக்சன் 1969-ல் பதவிக்கு வந்தார். செனட் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி கையில. ஆனாலும் முதல் மூணு வருஷத்துக்குள்ள 4 பேருக்கு ஒப்புதல் வாங்கிட்டார்: பர்கர், பிளாக்மன், பவல், ரென்க்விஸ்ட். நடுவுல ரெண்டு பேர் தோத்தாங்க. 1969-ல் ஹெய்ன்ஸ்வொர்த் 45-55, 1970-ல் கார்ஸ்வெல் 45-51. அப்போ வாட்டர்கேட் விவகாரமே கிடையாது. ஹெய்ன்ஸ்வொர்த்துக்கு எதிரா ஓட்டு போட்டவங்கள்ல 17 பேர் நிக்சனோட சொந்தக் கட்சிக்காரங்க. இந்த 17-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வருவேன்.

1972 ஜூன் 17 அன்னிக்கு வாட்டர்கேட் கட்டடத்துல திருட்டுத்தனமா நுழைஞ்சவங்க பிடிபட்டாங்க. விசாரணை மெல்ல மெல்ல வெள்ளை மாளிகை வரைக்கும் போச்சு. 1973 அக்டோபர் 20, ஒரு சனிக்கிழமை ராத்திரி, தன்னை விசாரிச்சுக்கிட்டு இருந்த தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார் நிக்சன். அட்டர்னி ஜெனரல் மறுத்து ராஜினாமா பண்ணார். அடுத்த இடத்துல இருந்தவரும் மறுத்துட்டு வெளியே போனார். மூணாவது இடத்துல இருந்த ராபர்ட் போர்க்தான் கடைசியில அந்த வேலையைச் செஞ்சார்.

பல வருஷம் கழிச்சு, போர்க் இறந்ததுக்கு அப்புறம் 2013-ல் வெளிவந்த அவரோட நினைவுக் குறிப்புகள்ல ஒரு விஷயம் இருக்கு. அடுத்து உச்ச நீதிமன்றத்துல இடம் காலியானா அது உனக்குத்தான்னு நிக்சன் அவர்கிட்ட சொன்னாராம். அந்த நேரத்துல அப்படி ஒருத்தரை உள்ள கொண்டுவர்ற செல்வாக்கு நிக்சனுக்கு உண்மையிலேயே மிச்சம் இருந்ததான்னு போர்க்குக்கே தெரியலையாம். ஸ்கேண்டல் ஒரு அதிபரை என்ன பண்ணும்னு இதைவிடச் சின்னதா சொல்ல முடியாது. சாவி கையில இருக்கும், ஆனா அது திறக்குமான்னு அவருக்கே தெரியாது.

நிக்சனோட ரெண்டாவது பதவிக் காலத்துல ஒரு நாற்காலியும் காலியாகல. 1974 ஜூலை 24 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் 8-0 கணக்குல ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தது. தீர்ப்பை எழுதினவர் பர்கர், நிக்சனே போட்ட தலைமை நீதிபதி. பிளாக்மனும் பவலும் அவர் பக்கம்தான். ரென்க்விஸ்ட் முன்னாடி நிக்சன் அரசோட நீதித்துறையில வேலை பார்த்தவர். அவர் அந்த வழக்குலேருந்தே விலகிக்கிட்டார். ஆகஸ்ட் 9 அன்னிக்கு நிக்சன் பதவியை விட்டுப் போனார்.

வாட்டர்கேட்டோட உண்மையான விலையைக் கொடுத்தது அடுத்து வந்த ஜெரால்ட் ஃபோர்டு. மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்காத அதிபர். நிக்சனுக்குப் பொது மன்னிப்பு கொடுத்ததால பேரும் கெட்டிருந்தது. 1975 நவம்பர்ல, 36 வருஷம் நீதிபதியா இருந்த வில்லியம் டக்ளஸ் உடம்பு முடியாம ஓய்வு பெற்றார். இதே டக்ளஸைப் பதவி நீக்கம் செய்யணும்னு 1970-ல் முன்னாடி நின்னு சத்தம் போட்டவர் ஃபோர்டுதான். இப்போ அந்த நாற்காலியை நிரப்பற வாய்ப்பு அவருக்கே வந்தது. தன் கட்சிக்குப் பிடிச்ச ஆளைப் போட்டுப் பழிதீர்த்துக்கிற நிலைமையில அவர் இல்ல. ஜான் பால் ஸ்டீவன்ஸ் பேரைச் சொன்னார். சிகாகோக்காரர், அரசியல்ல பெருசா அடிபடாதவர். 1969-ல் இல்லினாய் மாநில நீதிபதிகள் மேல வந்த ஊழல் புகாரை விசாரிச்ச கமிஷனுக்கு வழக்கறிஞரா இருந்து பேர் வாங்கினவர். 19 நாள்ல ஒப்புதல். 98-0.

ஸ்டீவன்ஸ் 2010 வரைக்கும் இருந்தார். ஒரு பலவீனமான அதிபர், எதிர்க்கட்சி செனட்டைத் தாண்டணுமேன்னு தேர்ந்தெடுத்த ஆள், 34 வருஷம் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாம வேலை பார்த்தார். அந்த ஒரு நியமனத்தை வெச்சே என் ஆட்சியை எடை போட்டாலும் எனக்குச் சம்மதம்ங்கிற அர்த்தத்துல ஃபோர்டு 2005-ல் ஒரு கடிதம் எழுதியிருக்கார்.

ரீகன்: ஒரே வருஷத்துல என்ன மாறிச்சு?

1986 செப்டம்பர்ல ரீகன் கொண்டுவந்த அன்டோனின் ஸ்காலியாவுக்கு 98-0. ஸ்காலியா ஒண்ணும் நடுநிலைக்காரர் இல்ல, தீவிரமான வலதுசாரி. அடுத்த வருஷம் ஜூலையில கிட்டத்தட்ட அதே கொள்கை உள்ள இன்னொருத்தரை ரீகன் கொண்டுவந்தார். அவர் யார் தெரியுமா? காக்ஸை வேலையை விட்டுத் தூக்கின அதே ராபர்ட் போர்க். 1987 அக்டோபர் 23 அன்னிக்கு 42-58 கணக்குல தோத்தார்.

இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுலதான் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடிச்சது. ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்து, அந்தப் பணத்துல ஒரு பகுதியை நிகரகுவா கலகக்காரர்களுக்குத் திருப்பி விட்ட கதை. ரீகனோட மக்கள் ஆதரவு ஒரே மாசத்துல சுமார் 20 புள்ளி சரிஞ்சது. போர்க் பேரை ரீகன் அறிவிச்ச அதே ஜூலையில, ஆலிவர் நார்த் டி.வி. கேமராக்களுக்கு முன்னாடி உட்கார்ந்து சாட்சி சொல்லிக்கிட்டு இருந்தார்.

அப்போ ஸ்கேண்டல்தான் போர்க்கைத் தோற்கடிச்சதா? அப்படிச் சொல்லிட்டா என் கட்டுரை சுலபமா முடிஞ்சிடும். ஆனா அது நேர்மை இல்ல. 1986 நவம்பர் 4 தேர்தல்லயே செனட் ஜனநாயகக் கட்சி கைக்குப் போயிடுச்சு. ஈரான் ஆயுத விஷயம் லெபனான் பத்திரிகை ஒண்ணுல வந்தது முந்தின நாள்தான். அமெரிக்க வாக்காளர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவே இல்ல. போர்க் எழுதின கட்டுரைகளும் நிறைய பேரைப் பயமுறுத்தியிருந்தது. காலியானது பவலோட நாற்காலி. 5-4 தீர்ப்புகள்ல பலமுறை எந்தப் பக்கம் ஜெயிக்கும்னு முடிவு பண்ண நாற்காலி. இத்தனை காரணத்துல ஸ்கேண்டலும் ஒண்ணு. சர்க்யூட்ல நாலு ரெசிஸ்டர் இருக்கும்போது ஒண்ணை மட்டும் காட்டி இதாலதான் கரண்ட் குறைஞ்சதுன்னு சொன்னா லேப்ல மார்க் போட மாட்டாங்க.

ஆனா ஸ்கேண்டல் செஞ்ச ஒரு குறிப்பிட்ட வேலை இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஸ்காலியா நேரத்துல ரீகனை எதிர்த்தா ஊர்ல ஓட்டு போகும்னு எல்லாருக்கும் பயம். 1987-ல் அந்தப் பயம் கரைஞ்சு போயிருந்தது. போர்க்குக்கு எதிரா ரீகனோட கட்சியிலேயே 6 பேர் ஓட்டு போட்டாங்க. அடுத்து சொன்ன டக்ளஸ் கின்ஸ்பர்க், முன்னாடி கஞ்சா பிடிச்ச விஷயம் வெளியே வந்து, சில நாள்லயே விலகிட்டார். மூணாவதா வந்த ஆன்டனி கென்னடி 97-0 கணக்குல உள்ள போனார். 2015-ல் ஒரே பாலினத் திருமணத்தை நாடு முழுக்கச் செல்லும்னு சொன்ன தீர்ப்பை எழுதினவர் இவர்தான். 1987-ல் போர்க் ஜெயிச்சிருந்தா அந்தத் தீர்ப்பை எழுதறதுக்குக் கென்னடி அந்த நாற்காலியிலேயே இருந்திருக்க மாட்டார்.

இதுவரைக்கும் பார்த்தா கதை அழகா இருக்கு. ஸ்கேண்டல் வரும், அதிபர் தளர்வார், ரெண்டு பக்கமும் ஏத்துக்கிற ஆள் வருவார். ஒரு நல்ல சேஃப்டி வால்வு. நானும் இந்த இடத்துல நிறுத்தியிருப்பேன். அடுத்த ரெண்டு உதாரணம் அதை உடைச்சிடுச்சு.

வால்வு வேலை செய்யாத இடங்கள்

பில் கிளின்டன். 1998 ஜனவரியில மோனிகா லெவின்ஸ்கி விவகாரம் வெளியே வந்தது. டிசம்பர்ல கீழ்சபை பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேத்திச்சு. செனட் குடியரசுக் கட்சி கையில. நம்ம தியரிப்படி அந்த வருஷம் அவர் சொன்ன நீதிபதிகள் எல்லாரும் வாசல்லயே நின்னிருக்கணும். நடந்தது நேர்மாறு. 1997-ல் செனட் ஒப்புதல் கொடுத்த கீழ் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதிகள் 36 பேர். விவகாரம் உச்சத்துல இருந்த 1998-ல் 65 பேர். முந்தின வருஷம் தாமதம் பண்றீங்கன்னு தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட்டே வெளிப்படையா செனட்டைக் குறை சொல்லியிருந்தார். அந்த அழுத்தம் ஸ்கேண்டலைவிடப் பெருசா வேலை செஞ்சிருக்கலாம்.

விவகாரம் முடிஞ்சு, செனட் விசாரணையில கிளின்டன் தப்பிச்ச பிறகு, 1999-ல் எலினா கேகன்னு ஒரு பேராசிரியரை வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டுக்குச் சொன்னார். விசாரணைக்குக்கூட எடுக்காம செனட் ஊறப் போட்டுடுச்சு. அந்த இடம் 2003-ல் ஜான் ராபர்ட்ஸுக்குப் போச்சு. இன்னிக்கு ராபர்ட்ஸ் தலைமை நீதிபதி. கேகனும் அதே உச்ச நீதிமன்றத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. அந்தத் தாமதத்துக்குக் காரணம் ஸ்கேண்டல் இல்ல, அடுத்த வருஷம் வரப்போற தேர்தல்.

2016-ல் ஒபாமாவுக்கும் இதேதான். அவர் மேல எந்த ஸ்கேண்டலும் இல்ல. பிப்ரவரியில ஸ்காலியா இறந்ததும் மெரிக் கார்லண்ட் பேரைச் சொன்னார். தேர்தல் வருஷம், மக்கள் முடிவு பண்ணட்டும்னு சொல்லி மிட்ச் மெக்கானல் தலைமையிலான செனட் பெரும்பான்மை ஒரு நாள்கூட விசாரணை நடத்தல. 293 நாள் அந்தப் பேர் அப்படியே கிடந்து காலாவதி ஆச்சு.

இப்போ டிரம்ப். 2018 ஆகஸ்ட் 21 அன்னிக்கு ஒரே நாள்ல அவரோட முன்னாள் வக்கீல் மைக்கேல் கோஹன் குற்றத்தை ஒத்துக்கிட்டார். முன்னாள் பிரசார மேலாளர் பால் மேனஃபோர்ட் குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது. விசாரணை வளையத்துல இருக்கிற அதிபர் நீதிபதியை நியமிக்கலாமான்னு எதிர்க்கட்சி கேட்டுச்சு. ரெண்டு வாரத்துல பிரெட் கவனா மேல விசாரணை ஆரம்பம். அக்டோபர் 6-ல் 50-48. அவர் மேலேயே வந்த புகார்கள் தனிக் கதை. 2019 டிசம்பர்ல டிரம்ப் மேல பதவி நீக்கத் தீர்மானம். 2020 செப்டம்பர் 18-ல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். ஏமி கோனி பேரட் பேரை அறிவிச்சு சரியா 30 நாள்ல, தேர்தலுக்கு 8 நாள் முன்னாடி, 52-48. தேர்தல் வருஷம்னு 2016-ல் சொன்ன அதே மெக்கானல்தான் செனட்டை நடத்தினார். டிரம்ப் கட்சியில எதிர்த்து ஓட்டு போட்டவர் ஒரே ஒருத்தர், சூசன் காலின்ஸ்.

ஹெய்ன்ஸ்வொர்த்துக்கு 17. போர்க்குக்கு 6. பேரட்டுக்கு 1. என் கருத்து முழுக்க இந்த மூணு எண்ல இருக்கு.

ஸ்கேண்டல் தானா எதையும் செய்யாது. அரசியல் சட்டத்துல "விசாரணையில் உள்ள அதிபர் நியமிக்கக் கூடாது"ன்னு ஒரு வரிகூட இல்ல. ஸ்கேண்டல் செய்யக்கூடியது ஒண்ணுதான்: அதிபரோட சொந்தக் கட்சி ஆளுங்களுக்கு, அவரை விட்டு விலகி நிக்கிறதுக்கு ஒரு காரணமும் தைரியமும் கொடுக்கும். அந்த ஆளுங்க விலகத் தயாரா இருந்த காலத்துல அது வேலை செஞ்சது. இப்போ அதிபரை எதிர்த்தா அடுத்த தேர்தல்ல கட்சி டிக்கெட்டே போயிடும்னு பயம். அதனால எவ்வளவு பெரிய விவகாரம் வந்தாலும் எண்ணிக்கை அசையறது இல்ல.

இதுல ரெண்டு கட்சிக்கும் பங்கு இருக்கு. முன்னாடி ஒரு நியமனத்தைப் பேசிப் பேசியே இழுத்தடிக்க முடியும். அதை நிறுத்தி ஓட்டெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் வேணும். 2013-ல் ஜனநாயகக் கட்சி கீழ் கோர்ட்டுகளுக்கு இந்த விதியை எடுத்துச்சு. 2017-ல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்கும் எடுத்துடுச்சு. இப்போ பாதிக்கு மேல ஒரு ஓட்டு போதும். லாக்கரோட ரெண்டு சாவியும் ஒரே ஆள் பாக்கெட்ல இருந்தா அது எதுக்கு லாக்கர்? சாதாரண பீரோ போதுமே.

"ஜெயிச்சவருக்கு உரிமை இல்லையா?"

இதை எழுதும்போது என் ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டான். "மக்கள் ஓட்டு போட்டு நாலு வருஷத்துக்கு அனுப்பியிருக்காங்க. கடைசி நாள் வரைக்கும் அவருக்கு அதிகாரம் இருக்கு. ஸ்கேண்டல்னு சொல்லி அதைப் பிடுங்கினா, ஒவ்வொரு தடவை நாற்காலி காலியாகும்போதும் எதிர்க்கட்சி ஒரு ஸ்கேண்டலைத் தயார் பண்ணிடும்ல?"

நியாயமான கேள்வி. பாதி ஒத்துக்கறேன். புகார் வந்ததாலேயே அதிகாரம் போகணும்னு நான் சொல்லல. அப்படி ஒரு விதி வந்தா அது ஆயுதமாத்தான் மாறும். ஆனா நீதிபதி நியமனம் மத்த அதிகாரம் மாதிரி கிடையாது. அதிபர் போடற அமைச்சர் அவரோடயே வீட்டுக்குப் போயிடுவார். நீதிபதி 30, 40 வருஷம் இருப்பார். அதைவிட முக்கியம், அந்த அதிபரோட வழக்கே நாளைக்கு அந்த நீதிபதி முன்னாடி வரலாம்.

வந்தபோது என்ன ஆச்சுன்னு பாருங்க. 1974-ல் நிக்சனுக்கு எதிரா 8-0. அவர் போட்ட மூணு பேரும் சேர்த்து. 1997-ல் பவுலா ஜோன்ஸ் வழக்குல, பதவியில இருக்கிற அதிபர் மேலயும் சிவில் வழக்கு நடத்தலாம்னு கிளின்டனுக்கு எதிரா 9-0. அவர் போட்ட ரெண்டு பேரும் சேர்த்து. அந்தத் தீர்ப்பை எழுதினவர் ஸ்டீவன்ஸ். 2024 ஜூலை 1 அன்னிக்கு, முன்னாள் அதிபருக்குக் குற்ற வழக்குகள்லேருந்து எவ்வளவு பாதுகாப்புன்னு டிரம்ப் வழக்குல கேள்வி வந்தது. அதிகாரபூர்வ செயல்களுக்குப் பெரிய பாதுகாப்பு உண்டுன்னு 6-3. டிரம்ப் போட்ட மூணு பேரும் அந்த 6-ல்.

அவங்க விசுவாசத்துக்காக ஓட்டு போட்டாங்கன்னு நான் குற்றம் சாட்டல. 2020-ல் நியூயார்க் அரசு வழக்கறிஞர் டிரம்ப்போட வரி ஆவணங்களைக் கேட்ட வழக்குல 7-2 தீர்ப்பு வந்தது. அவர் போட்ட கோர்சச்சும் கவனாவும் அவருக்கு எதிர்ப்பக்கம். அதனால விஷயம் அவ்வளவு எளிமை இல்ல. ஆனா 8-0, 9-0 தீர்ப்பு வந்தா தோத்தவரும் வாயை மூடிக்கிட்டு ஏத்துக்குவார். 6-3 வந்தா அந்த 6 பேரை யார் போட்டதுன்னு எங்க அப்பா மாதிரி எல்லாரும் கேப்பாங்க. நீதிமன்றத்துக்குப் படையும் கிடையாது, கஜானாவும் கிடையாது. ஜனங்க நம்பிக்கைதான் அதோட சொத்து.

அப்போ என்னதான் பண்றது?

ஸ்கேண்டல் வந்து காப்பாத்தும்னு காத்திருக்கிறது டிசைனே இல்ல, அதிர்ஷ்டம். நிக்சன் விவகாரத்தால ஒரு ஸ்டீவன்ஸ் வந்தார், ரீகனோட கஷ்ட காலத்துல ஒரு கென்னடி வந்தார். நல்ல பலன்தான், ஆனா யாரும் திட்டம் போட்டு வந்தது இல்ல. அதிபர் தளர்ந்திருந்தபோது கிடைச்சது, அவர் பலமா இருக்கும்போதும் கிடைக்கணும்.

அதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வழி பேசறாங்க. முதலாவது, நீதிபதிகளுக்கு 18 வருஷம்னு வரையறை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாற்காலி காலியாகும். எந்த அதிபருக்கும் நாலு வருஷத்துல சரியா 2. யாரோட சாவுக்கும் யாரும் காத்திருக்க வேண்டாம். 2024 ஜூலையில பைடனும் இதை முன்வெச்சார். ஆனா பெரும்பாலான நிபுணர்கள் கருத்துப்படி இதுக்கு அரசியல் சட்டத் திருத்தம் வேணும். ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு, அதுக்கு மேல 38 மாநிலங்களோட ஒப்புதல். இப்போதைக்கு நடக்கிற காரியமா தெரியல.

ரெண்டாவது வழி சின்னது, நான் ஆதரிக்கிறது அதைத்தான். அந்த 60 ஓட்டு விதியைத் திரும்பக் கொண்டு வரணும். இது செனட்டோட சொந்த விதி. திருத்தம் எதுவும் தேவையில்ல. 60 வேணும்னா எந்த அதிபரும், எவ்வளவு செல்வாக்கா இருந்தாலும், எதிர்ப்பக்கத்துலேருந்து சில பேரைச் சம்மதிக்க வைக்கணும். அப்போ தானாவே ஸ்டீவன்ஸ் மாதிரி ஆளைத் தேடுவார். இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, எதிர்க்கட்சி யாரையுமே உள்ள விடாம நாற்காலியைக் காலியாவே வெச்சிருக்கலாம். ஒத்துக்கறேன். ஆனா 8 பேரோட சில மாசம் நடக்கிற கோர்ட்டைவிட, பாதி நாடு நம்பாத 9 பேர் கோர்ட் மோசம்னு நினைக்கிறேன்.

யார் முதல்ல செய்யணும்? பெரும்பான்மை யார் கையில இருக்கோ அவங்கதான். அதாவது அதைச் செய்யறதால நஷ்டப்படறவங்க. அதனாலதான் இன்னும் நடக்கல.

அக்கா விஷயத்தைச் சொல்லி முடிச்சுக்கறேன். 2025 ஜூன் 27 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் 6-3 கணக்குல, கீழ் கோர்ட் நீதிபதிகள் ஒரு உத்தரவை நாடு முழுக்க எல்லாருக்கும் நிறுத்தி வைக்கிற அதிகாரத்தைச் சுருக்கிச்சு. எழுதினவர் பேரட். குடியுரிமை உத்தரவு சரியா தப்பான்னு அந்தத் தீர்ப்பு சொல்லல. அடுத்த மாசமே, குழுவா தொடுத்த இன்னொரு வழக்குல மறுபடியும் தடை வந்தது. நடுவுல ஏப்ரல்லயே பாப்பா பிறந்துட்டான். சியாட்டில், மற்ற ஊர் கோர்ட்டுகளோட தடை அமல்ல இருந்த நேரம். அவனோட அமெரிக்க பாஸ்போர்ட் போட்டோவை அக்கா குரூப்ல போட்டாங்க; கண்ணை மூடித் தூங்கறான்.

அப்பா கேட்ட கேள்விக்கு இப்போ என்கிட்ட முழு பதில் இருக்கு. அந்த ஜட்ஜைப் போட்டது ஒரு அதிபரும் ஒரு செனட்டும், 44 வருஷத்துக்கு முன்னாடி. அவங்கள்ல யாரும் எங்க பாப்பாவை நினைச்சுப் பார்த்திருக்க முடியாது. இந்த வருஷம் அங்க நியமிக்கிற யாரோ ஒருத்தர், இவனுக்கு நாப்பது வயசாகும்போது இவன் வழக்கைக் கேக்கலாம். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ரெண்டாவது சாவி வேற ஒருத்தர் கையில இருக்கணும். அதிபர் நல்லவரா இருந்தாலும் சரி, மாட்டிக்கிட்டவரா இருந்தாலும் சரி.